அடுத்து வருகிறவன் படிக்க வேண்டாமா?

கம்ப்யூட்டர் மொழிகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதுமே நம் வயதுக்காரர்களில் பாதிப் பேர் காபி குடிக்க எழுந்து போய்விடுவார்கள் என்று தெரியும். கொஞ்சம் உட்காருங்கள். இது உங்கள் வீட்டுப் பேரன் பேத்தி சமாசாரம். பண சமாசாரமும்கூட.

நான் கம்ப்யூட்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் மூன்று. "சார், பொண்ணு ப்ளஸ் ஒன்ல சி ப்ளஸ் ப்ளஸ் படிச்சா. ப்ளஸ் டூல பைத்தான்னு வேற ஒண்ணு. அப்ப முன்னாடி படிச்சது வீணா?" இது முதலாவது. "ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியா கோர்ஸ் சேர்க்கச் சொல்றாங்களே, சேர்க்கணுமா?" இது இரண்டாவது. மூன்றாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "மாப்பிள்ளைக்கு நாப்பத்தஞ்சு ஆச்சு. கம்பெனியில இத்தனை நாள் எழுதின மொழி இனிமே வேண்டாம்கறாங்களாம். வேலைக்கு ஏதாவது ஆபத்து உண்டா?"

மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே பயம்தான். ஒரு மொழியை விட்டு இன்னொரு மொழிக்குப் போனால், கற்றது எல்லாம் போய்விடுமோ என்கிற பயம். அப்படிப் போய்விடாது என்பதே என் கட்சி. மொழி மாற்றத்துக்கு நியாயமான காரணம் ஒன்றுதான் உண்டு என்பதும் என் கட்சி. நாம் எழுதியதை நமக்குப் பின்னால் வருகிறவன் படிக்க வேண்டும். அதற்கு உதவினால் மாறலாம். ஊரெல்லாம் மாறுகிறது என்பதற்காக மட்டும் மாற வேண்டியதில்லை.

நான் இதைப் பெர்ல் என்ற மொழியிலிருந்து பைத்தான் என்ற மொழிக்கு மாறியபோது பார்த்தேன். இரண்டையும் ஸ்கிரிப்டிங் மொழி என்பார்கள். அது என்ன என்று கேட்பவர்களுக்கு: மேடையில் ஒரு வெளிநாட்டுக்காரர் பேசுகிறார் என்று வையுங்கள். பேச்சு முழுவதையும் முன்கூட்டியே தமிழில் பெயர்த்து அச்சடித்துக் கொடுத்துவிடுவது ஒரு வகை. சி, சி ப்ளஸ் ப்ளஸ் எல்லாம் அந்த வகை. பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவது இன்னொரு வகை. மேலோட்டமாகச் சொன்னால் ஸ்கிரிப்டிங் மொழிகள் இந்த வகை. எழுதிய கையோடு ஓட்டிப் பார்த்துவிடலாம். வேகம் கொஞ்சம் குறைவு. ஆனால் எழுதும் நேரம் மிச்சம்.

பெர்ல் 1987-ல் வந்தது. உருவாக்கியவர் லாரி வால் என்ற அமெரிக்கர். மொழியியல் படித்தவர். அதனாலோ என்னவோ, அவருடைய மொழியிலும் மனிதர் பேசும் மொழியின் சாயல் உண்டு. ஒற்றைப் பொருளுக்கு முன்னால் டாலர் குறி, பல பொருள்களின் வரிசைக்கு முன்னால் வேறு குறி என்று ஒருமை பன்மைபோல அடையாளம் வைத்தார். ஒரே காரியத்தைப் பத்து விதமாக எழுத இடம் கொடுத்தார். அதையே தன் மொழியின் பெருமையாகவும் சொன்னார். நம்மூரில் மகாமகக் குளத்துக்கு எத்தனையோ தெரு வழியாகப் போகலாம் இல்லையா, அப்படி.

பெர்லின் பலம், எழுத்துக் குப்பையில் இருந்து வேண்டியதைப் பொறுக்கி எடுப்பது. ஒரு ஃபைலில் லட்சம் வரி இருக்கும். அதில் தேதியும் தொகையும் உள்ள வரிகளை மட்டும் எடுத்து, கூட்டி, அறிக்கையாகத் தா என்றால் நாலு வரியில் செய்து கொடுத்துவிடும். 1990-களில் இணையதளங்கள் முளைத்தபோது பக்கங்களுக்குப் பின்னால் வேலை செய்தது பெரும்பாலும் பெர்ல்தான். சென்னையில் ஒரு தனியார் கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் நான் இருந்தபோது, கிளைகளில் இருந்து ராத்திரி வரும் ஃபைல்களை எல்லாம் விடிவதற்குள் சரிபார்த்து வைத்தது பெர்ல்தான். பதினைந்து வருஷம் அதில் எழுதினேன். நன்றி மறக்கமாட்டேன்.

அப்படியானால் ஏன் மாறினோம்? இதற்குத் தஞ்சாவூர் வரை போய் வரவேண்டும்.

தஞ்சையை மராட்டியர்கள் 1676 முதல் 1855 வரை ஆண்டார்கள். அவர்கள் காலத்து அரண்மனைக் கணக்கும் கடிதங்களும் சரஸ்வதி மகால் நூலகத்தில் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. மொழி மராத்தி. எழுத்து மோடி எழுத்து. பிரதமர் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது பழைய எழுத்தின் பெயர். பேனாவை அதிகம் தூக்காமல் ஓட்டமாக எழுதிக்கொண்டே போவதற்கு என்று ஏற்பட்ட எழுத்து. கணக்குப்பிள்ளைக்கு மகா சௌகரியம். எஜமான் சொல்லச் சொல்ல எழுதிவிடலாம். படிப்பவன் பாடுதான் திண்டாட்டம். இன்று மராத்தி தாய்மொழியாக உள்ளவர்களிலேயே மோடி படிக்கத் தெரிந்தவர்கள் சொற்பம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆள் வைத்து அவற்றில் ஒரு பகுதியைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டது. யாருக்கு எவ்வளவு நெல் அளந்தார்கள், எந்தக் கோயிலுக்கு என்ன கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதன் பிறகுதான் நமக்குத் தெரிய வந்தது. மீதி மூட்டைகளில் உள்ள விஷயம் எங்கும் போய்விடவில்லை. காகிதம் இருக்கிறது, மை இருக்கிறது. படிக்கத்தான் ஆள் இல்லை.

பெர்ல் எங்கள் ஆபீசில் மெல்ல மெல்ல மோடி எழுத்து ஆகிக்கொண்டிருந்தது. கெட்டிக்காரர் ஒருவர் பத்து வருஷம் இருந்தார். பத்து வரியில் எழுத வேண்டியதை ஒரே வரியில் எழுதுவார். பார்க்கப் பார்க்கப் பிரமிப்பாக இருக்கும். பெர்லில் பத்து வழி உண்டு என்றேன் அல்லவா? அவர் பதினோராவது வழியில் போவார். ஒருநாள் ஓய்வு பெற்றுப் போனார். மாலை போட்டு, சால்வை போர்த்தி அனுப்பிவைத்தோம். அடுத்த வாரம் அவர் ப்ரோக்ராம் ஒன்று நின்றுவிட்டது. அவர் எழுதிய வரியை நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, இந்தப் புள்ளி என்ன, இந்தக் கோடு என்ன என்று கல்வெட்டுப் படிப்பதுபோல் படித்தோம். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடப் பெர்ல் தெரியாது. எல்லோரும் பைத்தான் படித்துவிட்டு வந்தவர்கள். சின்ன சந்தேகம் என்றாலும் என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். எனக்கும் ஓய்வு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் யார் மேஜைக்குப் போவார்கள்?

ஆக, பெர்லுக்குச் சக்தி குறைந்துவிட்டது என்று நாங்கள் மாறவில்லை. அதைப் படிக்க ஆள் குறைந்துகொண்டே வந்ததால் மாறினோம்.

பைத்தான் கதையையும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ராஸம், 1989-ல் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காக ஆரம்பித்தார். 1991-ல் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி அவருக்குப் பிடிக்கும், அதன் பெயரை வைத்துவிட்டார். இதன் கொள்கை பெர்லுக்கு நேர் எதிர். ஒரு காரியத்துக்குத் தெளிவான வழி ஒன்று இருந்தால் போதும், எல்லோரும் அதிலேயே போங்கள் என்கிறது.

வரிகளை ஒழுங்காக உள்ளே தள்ளி எழுதாவிட்டால் பைத்தான் வேலையே செய்யாது. பெர்லில் அடைப்புக்குறி போட்டுவிட்டால் போதும், வரிகள் எப்படிக் கோணல்மாணலாக இருந்தாலும் ஓடும். முதலில் எனக்கு இது வாத்தியார் கெடுபிடி மாதிரித்தான் பட்டது. வயல்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். திருந்திய நெல் சாகுபடியில் கயிறு பிடித்து, வரிசை வைத்து நடச் சொல்கிறார்கள் இல்லையா? நாற்று வளர்வதற்கு மட்டும் என்றால் இத்தனை கண்டிப்பு எதற்கு? பிறகு கோனோ வீடரைத் தள்ளிக்கொண்டு போகிறவனுக்கு வழி வேண்டும். நடுகிறவருக்குச் சிரமம், களை எடுக்கிறவருக்குச் சுகம். ப்ரோக்ராமும் அப்படித்தான். ஒருமுறை நடுவோம். வருஷக்கணக்காகக் களை எடுத்துக்கொண்டிருப்போம்.

இனி மாற்றிய விதம். மேலிடத்தில் இருந்து வந்த உத்தரவு: மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றி, பழையதைத் தூக்கிப் போடு. இப்படி உத்தரவு போடுகிறவர்கள் யாரும் வீடு மாறியவர்கள் இல்லை போலிருக்கிறது. புது வீட்டில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காமல் யாராவது பழைய வீட்டைக் காலி செய்வார்களா? நாங்கள் ஒன்று செய்தோம். புது ப்ரோக்ராமை எழுதி, பழையதையும் நிறுத்தாமல், ஒரே ஃபைலை இரண்டுக்கும் கொடுத்து ஒரு மாதம் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். காலையில் வந்ததும் இரண்டு அறிக்கையையும் ஒப்பிடுவது. ஒரு காசு வித்தியாசம் என்றாலும் ஏன் என்று தெரியாமல் மேலே போகக்கூடாது. மூன்று மாதம் ஒன்றரை வருஷம் ஆயிற்று. ஆனால் ஒருநாள்கூட வேலை நிற்கவில்லை.

அந்த ஒப்பீட்டில் கிடைத்ததுதான் மொழி மாற்றத்தில் எனக்குக் கிடைத்த பாடம். இரண்டு உதாரணம் சொல்கிறேன்.

ஒரு புது ப்ரோக்ராம் கிட்டத்தட்ட தினமும் பாதியில் நின்றது. பார்த்தால், ஒரு கிளையில் தட்டச்சு செய்தவர் 105 என்று அடிக்கும்போது நடுவில் சைபருக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தை அடிக்கும் பழக்கம் உள்ளவர். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். பெர்ல் தாராள மனசு. எண்ணாக ஆரம்பித்தது எதுவரை போகிறதோ அதுவரை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். முணுமுணுக்கச் சொல்லி வைத்திருந்தால் முணுமுணுக்கும், இல்லாவிட்டால் அதுவும் கிடையாது. ஆக 105 அங்கே 1 ஆகிவிட்டது. பைத்தானோ, இது எண்ணே இல்லை, இதை வாங்க மாட்டேன் என்று கவுண்டரை மூடிவிட்டது. எத்தனை நாளாக அந்தக் கிளையின் கணக்கு இப்படி இருந்ததோ! புது மொழி கண்டிப்பானது என்று எரிச்சல்பட்டவர்கள் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டார்கள்.

இரண்டாவது இதற்கு நேர்மாறு. அப்போது நாங்கள் எடுத்தது பைத்தானின் இரண்டாம் பதிப்பு. அதில் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3 என்று வரும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் தருவேன் என்பது அதன் விதி. பெர்லில் 3.5 வரும். பெர்லை வரிக்கு வரி அப்படியே பைத்தானாக்கிய இடத்தில், அரை அரையாக ஒவ்வொரு வரியிலும் உதிர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பழையது ஓடிக்கொண்டிருந்ததால் முதல் நாளே பிடிபட்டது.

1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோது நம் பெற்றோர் பட்ட பாடு இதேதான். ஓர் அணாவுக்கு ஆறே கால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. ஆகவே ஓர் அணாவுக்கு 6 பைசா என்று கணக்கு. ஓர் அணா ஓர் அணாவாக நாலு தடவை மாற்றினால் 24 பைசா. நாலணாவாக ஒரேயடியாக மாற்றினால் 25 பைசா. ஒரு பைசா எங்கே போயிற்று? புதிய முறையிலும் தப்பு இல்லை, பழைய முறையிலும் தப்பு இல்லை. தொல்லை எல்லாம் இரண்டும் சேரும் மூட்டில் இருக்கிறது. மொழி மாறும்போது கவனம் அந்த மூட்டில் இருக்க வேண்டும். அதை உத்தரவு போடுகிறவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

பைத்தான் உசத்தி, பெர்ல் மட்டம் என்று நான் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நம்மூர்ப் பெயரை வைத்தே ஒரு பரீட்சை. 'கும்பகோணம்' என்பதில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புக் குழந்தை கு, ம், ப, கோ, ண, ம் என்று விரல் விட்டு 6 என்று சொல்லும். பைத்தானின் இரண்டாம் பதிப்பை அப்படியே கேட்டால் 30 என்னும். காரணம், யூனிகோடு எழுத்துகளை யூடிஎஃப் 8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட் இடம் ஆகும். அது இடத்தை எண்ணுகிறது, எழுத்தை எண்ணவில்லை. மூன்றாம் பதிப்பைக் கேட்டால் 10 என்னும். க தனி, உகரக் கொக்கி தனி, ம தனி, மேலே வைக்கும் புள்ளி தனி என்று எண்ணுகிறது. அதுவும் நம் கணக்கு இல்லை. பழைய பெர்லிலோ, சரியாகக் கேட்கத் தெரிந்தவர் ஒரு சின்னக் குறி போட்டுக் கேட்டால் உயிர்மெய்யை ஒன்றாக எடுத்துக்கொண்டு 6 என்று சொல்லிவிடும்! எழுத்துகளைக் கையாளுவதில் பெர்லுக்கு இருந்த நுணுக்கம் அப்படி. பைத்தானில் அந்த 6-ஐ வரவழைக்கத் தமிழர்களே முயன்று 'ஓப்பன் தமிழ்' என்று ஒரு தொகுப்பைச் செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். அதில் முக்கியப் பங்கு முத்தையா அண்ணாமலை என்பவருடையது. தமிழ்ச் சொற்களிலேயே ப்ரோக்ராம் எழுத 'எழில்' என்று ஒரு மொழியையும் பைத்தானின் மேல் அவர் கட்டினார். அதில் அச்சிடு என்பதற்குக் கட்டளை 'பதிப்பி'.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வசதி பெர்லில் ஏற்கனவே இருந்தது. ஆனால் தமிழுக்கு வேண்டியதைச் செய்ய முன்வந்தவர்கள் பைத்தானில் போய் உட்கார்ந்தார்கள். ஆள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வேலை நடக்கும். கடைத்தெருவுக்கு உள்ள நியாயம்தான் இதற்கும்.

சரி, பைத்தானுக்கு வந்துவிட்டோம், இனி நிம்மதி என்று நினைத்தால் அதுவும் இல்லை. 2008 டிசம்பரில் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வந்தது. பழைய ப்ரோக்ராம்கள் பல அதில் அப்படியே ஓடாது. 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3.5 என்று இப்போது சொல்லும். நல்ல மாற்றம்தான், ஆனால் மாற்றம். உலகம் பூராவும் ப்ரோக்ராமர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டாம் பதிப்புக்கு ஆதரவு முற்றிலும் நின்றது 2020 ஜனவரி 1-ல். பதினோரு வருஷத்துக்கு மேல் அவகாசம் கொடுத்து, பழையதையும் புதியதையும் சேர்த்து நடத்தி, பிறகு கதவைச் சாத்தினார்கள்.

பெர்ல்காரர்கள் வேறு வழியில் போனார்கள். 2000-ல் ஆறாம் பதிப்பு வரப்போகிறது, எல்லாம் புதிதாக இருக்கும் என்று அறிவித்தார்கள். அது கைக்கு வந்தது 2015 கிறிஸ்துமஸ் சமயத்தில். வந்தது பழையதில் இருந்து முற்றிலும் வேறாக இருந்ததால், 2019-ல் ராக்கு என்று தனிப் பெயரே வைத்துவிட்டார்கள். பதினைந்து வருஷம் கல்யாணம் கல்யாணம் என்று சொல்லிக்கொண்டே இருந்தால் பத்திரிகை வாங்கியவர்கள் என்ன செய்வார்கள்? வேறு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பழைய ஐந்தாம் பெர்ல் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேர வேண்டிய பிள்ளைகள் அந்தப் பதினைந்து வருஷத்தில் வேறு பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

நம் தலைமுறைக்கு இந்த மாதிரி மாற்றம் புதிது இல்லை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு தமிழ் எழுத்தைச் சீர்திருத்தியபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பெரியார் 1935-லேயே தன் 'குடி அரசு' பத்திரிகையில் ஆரம்பித்தது, அப்போதுதான் அரசாணை ஆயிற்று. லை, னை எல்லாம் யானைத் துதிக்கைபோல் இருந்தது போய் இன்றைய உருவம் வந்தது. மாறியவை 13 எழுத்துதான். அச்சகங்களும் பாடப்புத்தகங்களும் மாறின. கையெழுத்தில் பழையது பல வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் அப்பா கடைசி வரைக்கும் துதிக்கை போட்டுத்தான் எழுதினார். தமிழ் கெட்டுப்போய்விட்டதா? இல்லை. ஆனால் அவர் கடிதங்களை என் பேத்தி படிக்கும்போது அந்த எழுத்தில் தடுக்கி நிற்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஒருவர் இருக்கும்வரை கவலை இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். படித்தது வீணா?

நம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜனையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டுத்தொகையாகப் பிரிக்கலாம் என்ற கணக்கில் அவரும் ஹார்டியும் 1918-ல் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். 4 என்ற எண்ணை 5 விதமாகப் பிரிக்கலாம்: 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1. எண் பெரிதாகப் பெரிதாக இது மலைபோல் வளரும். 200-ஐ 39,72,99,90,29,388 விதமாகப் பிரிக்கலாம். கிட்டத்தட்ட நாலு லட்சம் கோடி. இதை மக்மஹோன் என்ற கணிதமேதை கையால் கணக்கிட்டு வைத்திருந்தார். ராமானுஜன், ஹார்டி கண்ட சூத்திரம் சரிதானா என்று பார்க்க அது உதவியது. மக்மஹோன் ஒவ்வொன்றாக எண்ணவில்லை. முன்னால் கண்ட விடைகளைக் கூட்டியும் கழித்தும் அடுத்த விடையைக் காணும் ஆய்லர் வழியில் போனார்.

அந்த ஆய்லர் வழியை நான் பெர்லிலும் எழுதியிருக்கிறேன், பைத்தானிலும் எழுதியிருக்கிறேன். இரண்டிலும் இருபது வரிக்குள் முடிந்துவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் விடை வரும். இரண்டு மொழியிலும் அதே விடை. மூளை செய்கிற வேலை, அதாவது பெரிய கணக்கைச் சின்னக் கணக்குகளாக உடைப்பது, வந்த விடையைப் பத்திரப்படுத்தி அடுத்ததற்குப் பயன்படுத்துவது, எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பது, இதெல்லாம் மொழிக்கு வெளியே நடக்கிறது. மொழி மாறியபோது எனக்கு மாறியது டாலர் குறியும் அடைப்புக்குறியும்தான். அதற்குப் பழகச் சில வாரம் ஆயிற்று. முதல் மொழி பழக ஆன வருஷங்களோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

நம் மாநிலப் பாடத்திட்டத்தில் முன்பு ப்ளஸ் டூ கணினி அறிவியலில் ஸ்டார் ஆபீசும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் இருந்தன. இப்போது சி ப்ளஸ் ப்ளஸ் ப்ளஸ் ஒன்னுக்கு வந்துவிட்டது. 2019-ல் வந்த ப்ளஸ் டூ புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு அது தமிழிலேயே இருக்கிறது. மாறி, மடக்கு, செயற்கூறு என்று சொற்களும் நன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆக, நம் டெல்டாப் பிள்ளை பதினேழு வயதுக்குள் ஒருமுறை மொழி மாறிப் பார்த்துவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நல்ல ஏற்பாடு என்கிறேன். மடக்கு என்றால் என்ன என்று சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் புரிந்த பிள்ளைக்குப் பைத்தானில் மடக்கு புதிதாகப் புரிய வேண்டியதில்லை. உருவம்தான் வேறு. சின்ன வயதிலேயே ஒருமுறை மாறிப் பழகியவன் நாற்பத்தைந்தில் மாறச் சொன்னால் அஞ்சமாட்டான். புத்தகத்தை நெட்டுருப் போட்டு மார்க் வாங்கி வந்த பிள்ளைக்கு மட்டும் ஒவ்வொரு மாற்றமும் ஒன்றாம் வகுப்பு.

அந்த நாற்பத்தைந்து வயது மாப்பிள்ளைக்கும் சொல்கிறேன். உங்கள் சொத்து பெர்லோ வேறு மொழியோ இல்லை. எந்தக் கிளை எந்தத் தப்புப் பண்ணும், மாதக் கடைசியில் எது முட்டிக்கொள்ளும் என்று தெரிந்து வைத்திருக்கிறீர்களே, அதுதான் சொத்து. புது மொழியைச் சின்னப் பையனிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. நீங்கள் அவனுக்கு அந்தச் சொத்தைக் கொடுங்கள். எனக்குப் பைத்தான் சொல்லிக் கொடுத்தது என் மகன் வயதுப் பெண் ஒருத்தி. அவளுக்கு அந்த 105 சங்கதியை எல்லாம் நான் சொன்னேன். இருவருக்கும் நஷ்டம் இல்லை.

"அதான் இப்ப ஏ.ஐ.யே எழுதித் தருதே, பெர்லைக் கொடுத்தா பைத்தானா மாத்தித் தருமாமே?" என்று கேட்பவர்களும் உண்டு. தருகிறது. நானும் கொடுத்துப் பார்த்தேன், அழகாகவே மாற்றித் தருகிறது. ஆனால் அது சரியா என்று யார் சொல்வது? அரை ரூபாய் உதிர்கிறதா, 105 ஒன்று ஆகிறதா என்று பார்க்க, படிக்கத் தெரிந்த ஆள் முன்னைவிட அதிகம் வேண்டும். எழுதுவது சுலபமாக ஆக ஆக, படிப்பவனுக்குத்தான் வேலை கூடுகிறது. மோடி எழுத்து மூட்டைகளை இனி யந்திரமே கட்டுக்கட்டாக எழுதிக் குவிக்கும் என்று வையுங்கள். அப்போது நமக்குத் தேவை இன்னொரு கணக்குப்பிள்ளையா, படித்துச் சொல்லத் தெரிந்தவரா?

ஆகவே தாத்தா பாட்டிகளுக்கும் பெற்றோருக்கும் என் யோசனை. மொழிக்கு ஒரு கோர்ஸ் என்று பணம் கட்ட வேண்டாம். ஒரு மொழியை ஆழமாக, சொந்தமாக யோசித்து எழுதப் பழக நல்ல ஆசிரியர் கிடைத்தால் அதற்குக் கொடுங்கள். அடுத்த மொழியைப் பிள்ளைகள் தாங்களே பிடித்துக்கொள்வார்கள். பைத்தான் இலவசம், அதற்கான பாடங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

பிள்ளை உண்மையில் கற்றிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள நமக்குக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது எழுதிய ப்ரோக்ராமைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இந்த வரி என்ன செய்கிறது, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று சும்மா கேளுங்கள். உங்களுக்குப் பாதி புரிந்தாலே போதும், அந்தப் பிள்ளை எழுதியது அடுத்தவனுக்குப் பயன்படும். "உனக்கெல்லாம் புரியாது தாத்தா" என்று எழுந்து போனால், எந்த மொழியில் எழுதியிருந்தாலும் இன்னும் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.